அலப்பறை ஷெட்டில் ஜோடி இல்லை

“எதுக்குடி அழுதா? கையில கத்தி கித்தி பட்டுடுச்சா?”

“கத்தியெல்லாம் இல்லக்கா. அந்த ராணி இன்னாமோ சொல்லிட்டாளாம். நேத்து வந்ததுலருந்து மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீறா. இனிமே அந்த ஷெட்டுக்கே போவ மாட்டாளாம்.”

“ராணி இன்னா சொன்னா? வார்த்தைய அப்படியே சொல்லு.”

“இவ செஞ்ச பொம்மையத் தூக்கிக் காட்டி, ‘இதுக்கு ஜோடி இல்ல’ன்னாளாம். அம்மாம் பேரும் கை தட்னாங்களாம். இவளுக்கு மானமே போச்சாம்.”

நான் சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த முறம் சரிந்து, புடைத்த அரிசி பாதி வாசலில் கொட்டிவிட்டது. பக்கத்து வீட்டுச் செல்விக்குக் கோபம். இடுப்பில் சொருகியிருந்த சாவிக்கொத்தை ஒரு தரம் குலுக்கினாள். பீரோ, அரிசி டிரம், மாடிக் கதவு என்று அந்த வீட்டில் பூட்டுகிற எல்லாவற்றுக்கும் சாவி அவளிடம்தான். கோபம் வந்தால் அவளுக்கு முன்னால் அந்தக் கொத்துதான் பேசும்.

“எம் மருமவ அழுவுறா, உனக்கு சிரிப்பா கீதா?”

“உக்காருடி. ஷாலினிய மெச்சிக்கினு இருக்காங்க அங்க. அது புரியாம மாமியாளும் மருமவளும் துக்கம் காக்கறீங்க.”

ஷாலினி மேல் தப்பில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஷூ பேக்கிங்கில் இருந்தவள். ஷூ லைனில் ‘ஜோடி இல்ல’ என்றால் கழிவு என்று அர்த்தம். இடது கால் லட்சணமாக வந்திருக்கும். வலது காலில் தோலின் நிறம் கொஞ்சம் மட்டாக இருக்கும். பாவம், நன்றாக இருக்கிற இடதும் சேர்ந்து கூடைக்குப் போகும். எங்கள் பொம்மை ஷெட்டில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம். அதைப் புதிதாக வந்த பெண்ணுக்கு ராணி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அவளுக்கு எதையும் விளக்கிச் சொல்லப் பொறுமை கிடையாது. அதனால் செல்விக்கு நான்தான் சொன்னேன். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

நான் ஷூ கம்பெனிக்குப் போக ஆரம்பித்தபோது எனக்கு மூக்குக்கூடக் குத்தவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. கையெழுத்துப் போடச் சொன்னால் இன்றைக்கும் கட்டைவிரலைத்தான் நீட்டுவேன். முதலில் பசை தடவினேன், அப்புறம் நூல் வெட்டினேன், அப்புறம் ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிற இடத்துக்கு வந்தேன். அங்கேயே தலை நரைத்தது. நடுவில் கல்யாணம். என் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. அவர்மேல் சுண்ணாம்பு வாடை, என்மேல் பசை வாடை. ஒருத்தரை ஒருத்தர் குறை சொல்ல வழியில்லாமல் நல்லபடியாகவே குடும்பம் நடத்தினோம்.

எங்கள் லைனில் செக்கிங் பார்த்தவர் அஜீஸ் பாய். ஒல்லியான, நெட்டையான மனுஷர். பெரிய மூக்குக்கண்ணாடி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவர் மேஜைமேல் ஒரு கண்ணாடிப் பலகை இருக்கும். ஷூவை அதன்மேல் வைத்து ஒரு விரலால் அழுத்துவார். ஆடினால் அடிப்பக்கம் சரியில்லை. அடுத்து, விரல் முட்டியால் தட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோவார். பசை காயாத இடம் மொத்தென்று காட்டிக்கொடுக்கும். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை முன்பக்கத்திலிருந்து குதிகால்வரை ஓட்டுவார். கடைசியாக இடதையும் வலதையும் சேர்த்து நிறுத்தி, கழுத்தை வளைத்து, கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பார்ப்பார். பழுது இருந்தால் திட்ட மாட்டார். “இது ஜோடி கேக்குதும்மா” என்று திருப்பிக் கொடுப்பார். அவர் அதை மெதுவாகச் சொல்கிற விதத்துக்கு, இரண்டு அறை வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கும்.

அப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது என் கண் மங்க ஆரம்பித்தது. கறுப்புத் தோலில் கறுப்பு நூல்; மூக்குக்கண்ணாடி போட்டும் தையல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியவில்லை. “வூட்ல ரெஸ்ட் எடும்மா” என்றார் லைன் இன்சார்ஜ். வீட்டில் ரெஸ்ட் எடுக்க எனக்கு எங்கே தெரியும்? வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். நாலு பேரோடு உட்கார்ந்து பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. என்ன செய்யப்போகிறோம் என்று நான் பேஜார் பட்டுக்கொண்டிருந்த சமயத்தில்தான் ரோசா வந்தாள்.

ரோசா மெக்சிகோக்காரி. ஷூ வாங்க வந்தவள். அவள் ஊரும் தோல் ஊர்தானாம். வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வருவார்கள். இவள் ஆம்பூர் வாடையை இழுத்து மூச்சுவிட்டு, எங்கள் தாத்தா வீட்டு வாசனை என்றாளாம். அவள் கண்ணில் பட்டது, காம்பவுண்டு ஓரத்தில் அடுப்பெரிக்கக் குவித்திருந்த மரக் கட்டைகள். ஷூவை இழுத்துக் கட்டி வடிவம் கொடுக்கிற கால் அச்சுகள் அவை. நாங்கள் வெறுமனே கட்டை என்போம். பிளாஸ்டிக்கில் அச்சு வந்த பிறகு அவற்றுக்கு வேலையில்லை. ரோசா ஒரு கட்டையை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி, கோழிக்குஞ்சைத் தடவுவதுபோல் தடவிக்கொடுத்தாள். இதற்கு ஒரு வால், இரண்டு இறக்கை வைத்துக் காகிதம் ஒட்டினால் எங்கள் ஊர்ப் பொம்மை ஆகிவிடும் என்றாள்.

ஆபீசில் பழைய குடோனை ஒழித்து ஷெட் ஆக்கிக் கொடுத்தார்கள். லைனுக்கு உதவாத ஆள்களைப் பொறுக்கி அங்கே அனுப்பினார்கள். கண் போன நான், மெஷின் மிதித்து முட்டி வீங்கிய ராணி, இன்னும் சிலபேர். வயதாகிவிட்டது என்று அனுப்பவிருந்த அஜீஸ் பாயையும் எங்களுக்கு மேலே போட்டார்கள். ரோசா கான்பூர்ப் பக்கம் போய்விட்டுத் திரும்பி வருவாள். நாங்கள் செய்தது அவளுக்குப் பிடித்தால் ஷெட் இருக்கும். பிடிக்காவிட்டால் பாய் உள்பட எல்லாரும் வீட்டில் ரெஸ்ட் எடுக்க வேண்டியதுதான்.

போவதற்கு முன்னால் தன் பையிலிருந்து ஒரு பொம்மையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஆபீசில் வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிற நித்யாதான் அவள் பேச்சை எங்களுக்கு மாற்றிச் சொல்வாள்.

“இதுக்குப் பேரு அலெப்ரிஹே.”

“அலப்பறயா?” என்றாள் ராணி.

“அலெப்ரிஹே.”

“அதத்தாம்மா நானும் சொல்றேன். அலப்பற.”

அன்றைக்கு வைத்த பெயர்தான் அலப்பறை ஷெட். இன்றைக்கு லாரிக்காரன்கூட அப்படித்தான் வழி கேட்டுக்கொண்டு வருகிறான்.

நித்யா கடைசியாக ஒன்று சொன்னாள். “இது மாதிரி செய்யணும்னு சொல்றாங்க.”

அந்த ஒரு வார்த்தையில் வந்தது வினை. ஷூ கம்பெனியில் மாதிரி என்றால் சாம்பிள். சாம்பிள் என்றால் சாமி. அதில் ஒரு தையல் கூடினாலும் குறைந்தாலும் பெட்டி திரும்பி வந்துவிடும். அஜீஸ் பாய் அந்தச் சாம்பிளைக் கண்ணாடிப் பலகைமேல் வைத்தார். நாய் உடம்பு, மீன் வால், வௌவால் இறக்கை, ஆட்டுக் கொம்பு. உடம்பெல்லாம் ஊதாவும் பச்சையும் ஆரஞ்சுமாகப் புள்ளியும் கோடும். ஒரு கொம்பு நெட்டை, ஒன்று குட்டை. ஒரு கண் நீலம், ஒன்று மஞ்சள். அழுத்திப் பார்த்தார், ஆடியது. கழுத்தை வளைத்து வெகுநேரம் பார்த்தார்.

“கொம்பு கம்மி ஜாஸ்தியா கீதும்மா. கண்ணுல கலர் மாறிப்போச்சு. பாவம், சாம்பிள்லயே டிஃபெக்ட் விட்டுட்டாங்க. நாம சரி பண்ணிக் குடுத்துடலாம்.”

வேலையைச் சொல்கிறேன். ஷூவின் மூக்குக்குள் அடைக்கிற மெல்லிய தாள் எங்களிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. அதை வெட்டக் கூடாது, கிழிக்க வேண்டும். வெட்டிய ஓரம் ஒட்டினாலும் கோடாகத் தெரியும், கிழித்த ஓரம் ஒன்றோடொன்று கரைந்துவிடும். ஆயுசு முழுக்க ஒரு நூல் பிசகாமல் வெட்டச் சொல்லி வளர்த்த கைகளுக்குக் கிழிப்பது பாவம் செய்வதுபோல் இருந்தது. மைதாப் பசை காய்ச்சி, எலியும் பூச்சியும் வாய் வைக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் கலப்போம். ஒரு அடுக்கு ஒட்டி நிழலில் காய வைத்து, அப்புறம்தான் அடுத்தது. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் தாள் சுருங்கி வெடிக்கும். பேக்கிங் பெட்டிப் பலகையில் தச்சர் இறக்கை செதுக்கிக் கொடுப்பார். சாக்பீஸ் மாவுப் பூச்சு ஒன்று, உப்புத்தாள் தேய்ப்பு ஒன்று, அப்புறம் கலர். புள்ளி வைக்கத் தீக்குச்சி.

கட்டைகளில் இடதும் உண்டு, வலதும் உண்டு அல்லவா? இடது கட்டையில் செய்த நாய் ஒரு பக்கமாக உடம்பை வளைக்கும், வலது கட்டை நாய் மறுபக்கம் வளைக்கும். அதைப் பார்த்ததும் அஜீஸ் பாய்க்கு உயிர் வந்துவிட்டது. ஒவ்வொரு இடதுக்கும் ஒரு வலது செய்யச் சொன்னார். இந்த இறக்கையில் எந்த இடத்தில் ஆரஞ்சுப் புள்ளியோ, அந்த இறக்கையில் அதே இடத்தில் ஆரஞ்சுப் புள்ளி. கொம்புகள் சமம். கண் எல்லாம் நீலம். ஷெட்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஜோடி ஜோடியாக நிறுத்தினோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்பதுபோல் இருந்தது. எனக்கு அவ்வளவு பெருமை.

ரோசா வந்தாள். உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு ஜோடியை எடுத்துப் பார்த்தாள், இன்னொரு ஜோடியை எடுத்துப் பார்த்தாள். நித்யாவிடம் மெதுவாக ஏதோ சொன்னாள்.

“இன்னாம்மா சொல்றாங்க?” என்றார் பாய்.

“ரொம்ப அழகா இருக்குன்னு சொல்றாங்க. ஆனா இது ஷூன்னு சொல்றாங்க.”

“ஷூவா?”

“எல்லாம் ஒரே பிராணியா இருக்குதாம் பாய். ஒவ்வொண்ணும் வேற வேறயா இருக்கணுமாம். அவங்க நாட்ல ஒருத்தர் காய்ச்சல்ல படுத்துக்கிட்டு கனவுல பார்த்த பிராணிங்களாம் இதெல்லாம். கனவுல ஒண்ணே திரும்பித் திரும்பி வராதுன்றாங்க.”

“சாம்பிள் குடுத்தாங்களேம்மா.”

“தாளு எப்படி ஒட்றது, கலர் எப்படிப் போடறதுன்னு பாக்கக் குடுத்தாங்களாம்.”

“அப்ப கொம்பு?”

“அது வேணும்னே குட்டையா வெச்சதாம்.”

பாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரோசாவுக்கே எங்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாகிவிட்டது. சென்னைக்கு விமானம் ஏறப் போகும்போது இன்னொரு முறை வருகிறேன், அதற்குள் உங்கள் இஷ்டத்துக்குச் சிலது செய்துவையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இஷ்டத்துக்கு என்றால் எப்படி? எங்களிடம் யாரும் அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. மறுநாள் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருத்தி வாத்து மூக்கு வைத்தாள். ஓரக்கண்ணால் பார்த்த அடுத்தவளும் வாத்து மூக்கு வைத்தாள். மத்தியானத்துக்குள் ஷெட் முழுக்க வாத்து. பாய் சாக்பீஸ் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள்போல் உட்கார்ந்திருந்தார்.

“காச்சல் வந்தாத்தான் கனவு வருமாம். யாருக்குனா ஒடம்பு சுடுதா பாருங்கடி,” என்றாள் ராணி.

அப்போது கேன்டீன்காரன் டீ கொண்டுவந்தான். ஊற்றினான், போனான். ஒரு வாய் குடித்தேன். அவன் போகிறதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்குமா?

“எரும கழுத்து, எலி வாயி, நடக்கறது மட்டும் மயிலு மாதிரி. டீயப் பாரு, கழனித் தண்ணி.”

ராணி டம்ளரைக் கீழே வைத்தாள். “இன்னாக்கா சொன்ன?”

“கழனித் தண்ணின்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“எரும கழுத்து, எலி வாயி…”

“மெதுவா சொல்லு,” என்று சொல்லிக்கொண்டே அவள் கட்டையில் தாளை ஒட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எங்களுக்கு எதற்குக் காய்ச்சலும் கனவும்? எங்கள் பக்கத்தில் யாரையும் முழுசாக ஒரு ஆளாக வைத்து நாங்கள் பேசியதே கிடையாது. ஓணான் தலை, ஆந்தை முழி, பூனை மீசை, பல்லி வயிறு என்று பிய்த்துப் பிய்த்துத்தான் பேசுவோம். தினமும் சாப்பாட்டு வேளையில் வாயால் செய்துகொண்டிருந்ததைக் கையால் செய்ய வேண்டியதுதான் பாக்கி. அன்றைக்கு ஷெட்டில் இரைந்த இரைச்சலில் பக்கத்து லைனிலிருந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். கட்டைகளில் மாமியார்கள் வந்தார்கள், ஓரகத்திகள் வந்தார்கள், லைன் இன்சார்ஜ் வந்தார். ஒருத்தி தன் புருஷனுக்குக் கரடி உடம்பு வைத்து, கொஞ்சம் யோசித்து, முயல் மூக்கு வைத்தாள். “தூங்கும்போது அப்பிடித்தாங்கீது” என்றாள். திட்ட ஆரம்பித்தவர்கள் எல்லாரும் இப்படி ஒரு இடத்தில் கை இளகினதை நான் பார்த்தேன். ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்: எது யார் என்று கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது. கேட்டால் சண்டை வரும்.

“நீ யாரக்கா செய்யற?” என்றாள் ராணி.

“கேக்கக் கூடாதுன்னு இப்பதான சொன்னோம்,” என்று திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

கொக்குக் கழுத்து. ஆந்தைக் கண். தட்டிக் கேட்கிறதற்கு முயல் காது. தடவிப் பார்க்கிறதற்கு அணில் கை. கழுத்தை நேராக வைக்க மனசு வரவில்லை. குனிந்து எதையோ பார்க்கிறாற்போல் வளைத்துவிட்டேன். காய்ந்து, கலர் பூசி முடித்ததும் எனக்கே பயம் வந்தது. அதை ஒளித்துவைக்கலாம் என்று பார்த்தால், ரோசா வருகிற நாளும் வந்துவிட்டது. பாய் செக்கிங்குக்கு எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லிவிட்டார். அவர் சாக்பீஸால் டிக் போடாத பொருள் எதுவும் வாசலைத் தாண்டாது.

மற்றவற்றை எல்லாம் முணுமுணுத்துக்கொண்டே தள்ளி வைத்தார். சாம்பிள் இல்லாமல் எதை வைத்து நல்லது, எதை வைத்துக் கெட்டது என்பார்? டிக்கும் போடவில்லை, பெருக்கலும் போடவில்லை. கடைசியில் என்னுடையது.

கண்ணாடிப் பலகைமேல் வைத்து அழுத்தினார். ஆடவில்லை. விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுத்தார். கணீரென்றது. கண்ணை மூடிக் கட்டைவிரலை ஓட்டினார். வாலிலிருந்து முதுகு, முதுகிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து காது. காதில் விரல் நின்றது. கண்ணைத் திறந்தார். கழுத்தை வளைத்துக் குனிந்து மேஜை மட்டத்துக்கு வந்தார். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அது. இரண்டும் ஒரே வளைவில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. ராணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“இதோட சாம்பிள் எங்கம்மா?” என்றார்.

நான்தான் சொன்னேன். “சாம்பிள் ஷெட்டுலதான் கீது பாய். எங்கயும் போவல.”

பாய் நிமிர்ந்தார்.

“இதுக்கு ஜோடி இல்லம்மா.”

போச்சு, ஷெட்டும் போச்சு, வேலையும் போச்சு என்று நினைத்தேன். அவர் சாக்பீஸை எடுத்து, பொம்மையைப் புரட்டி, அடியில் பெரிதாக ஒரு டிக் போட்டார்.

“நிக்கா ஆன நாள்லருந்து எங்கூட்டம்மாவும் என்னப் பாத்து இதத்தான் சொல்றாங்க. ‘உங்களுக்கு ஜோடியா ஒரு ஆளு இந்த ஆற்காடு ஜில்லாவுலயே கெடையாது’ன்னு.”

அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். அதன்பிறகு தள்ளி வைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தார். “இதுக்கு ஜோடி இல்ல” டிக். “இதுக்கும் ஜோடி இல்ல” டிக். வாத்துகளைப் பார்த்து மட்டும், “இது ஜோடி கேக்குதும்மா” என்று ஓரம் கட்டினார்.

ரோசா வந்ததும் நித்யாவுக்கு வேலையே இல்லை. என் பொம்மையைப் பார்த்தாள், பாயைப் பார்த்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள். அதை நானே எடுத்துப்போகிறேன் என்று சைகையில் கேட்டாள். பாய் தலையாட்டிவிட்டார், முடியாதென்று.

“அது சாம்பிள்மா. சாம்பிள் ஷெட்ட வுட்டுப் போவக் கூடாது.”

ஆர்டர் வந்தது. ஷெட் நின்றது. போதும் என்று நானே எழுந்து வருகிறவரைக்கும் பேசிக்கொண்டே வேலை பார்த்தேன். முதலில் செய்த நாய்களில் ஒரு ஜோடி இன்றைக்கும் ஆபீஸ் வாசலில் இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது. பாய் ஆற்காட்டில் மகள் வீட்டில் சுகமாக இருக்கிறார். போன ரம்ஜானுக்குக்கூட மக்கன் பேடா கொடுத்தனுப்பினார். அவர் மேஜையில் இப்போது ராணி. புதிதாக வருகிறவள் முதல் பொம்மையைத் தனக்குத் தெரிந்த ஒரு ஆளை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்பது அங்கே பழக்கமாகிவிட்டது. யார் என்று மட்டும் கேட்க மாட்டார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுச் செல்வி முகம் தெளிந்தாள். அரிசி பொறுக்க எனக்கு ஒத்தாசைகூடச் செய்தாள்.

“அப்ப நல்லாத்தான் செஞ்சிருக்காளா?”

“ராணி வாயால அது வர்றது லேசு இல்லடி. அது சரி, ஷாலினி இன்னாதான் செஞ்சா?”

“அத ஏன்க்கா கேக்குற. பொட்டக் கோழி ஒடம்பாம். காது ரெண்டும் யானக் காதாம்; சுவத்துக்கு அந்தாண்ட பேசறதுகூடக் கேக்குமாம். இடுப்புல மணி மணியா இன்னாமோ தொங்குதாம், நடந்தா கலகலன்னு சத்தம் வருமாம். றெக்க மட்டும் கோழிக்கு இல்லாத மாதிரி பெரிய றெக்கயாம். வூட்டுல இருக்கறவங்க அம்மாம் பேரையும் மூடிக்குமாம். இப்பிடி ஒரு பிராணி எங்கனா கீதாக்கா?”

கேட்டுக்கொண்டே எழுந்தாள். இடுப்பில் சாவிக்கொத்து கலகலவென்றது.

நான் முறத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். “எனக்குத் தெரிஞ்சி அதுக்கு ஜோடி இல்லடி.”

“நாளைக்கு நானே அவளக் கூட்டிக்கினு போயி வுடறேன். அப்பிடியே அந்தப் பொம்மயையும் பாத்துட்டு வரேன்.”

“நீ எதுக்குடி அங்க…”

நல்லவேளை, தெருக்குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. குடங்கள் மோதுகிற சத்தம் கேட்டது. அரிசியை அப்படியே போட்டுவிட்டு, குடத்தை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நான் குழாயடிக்கு ஓடினேன்.